ஆசிரியையின் குரல் ஓய்ந்தபோது: ஒரு பாடகர் குழுவின் பத்து மாதங்கள்

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை நடந்தவற்றின் பதிவு இது. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் இசை ஆசிரியை, அதே ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவையும் நடத்திவந்தார். அவருடைய குரல் கெட்டது. அதையொட்டி நாங்கள் சில முடிவுகளை எடுத்தோம். சில நன்றாக அமைந்தன. ஒன்று அவருக்குக் கெடுதலாகவே முடிந்தது. நான் அதே பள்ளியில் தமிழாசிரியை, குழுவில் பாடுகிறவள், ஆறாம் வகுப்பு முதல் அவரிடம் பாட்டுக் கற்றவள். எனவே விலகி நின்று எழுதியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தினார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

பின்னணி

அப்போது அவருக்கு வயது 56. பள்ளியில் 31 ஆண்டுப் பணி. பாடகர் குழுவில் அதைவிட இரண்டு ஆண்டு கூடுதல். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான். தந்தை தரங்கம்பாடியில் உபதேசியாராக, அதாவது ஆயருக்குத் துணையாக வேதம் கற்பிப்பவராக, இருந்தவர். மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கீர்த்தனை சொல்லிக்கொடுப்பாராம். டீச்சருக்குத் தெரிந்த கீர்த்தனைகளில் பாதிக்கு மேல் அந்தத் திண்ணையில் கற்றவை.

1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கியதற்குப் பிறகு, ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடும் ஞானப்பாட்டு மரபு இந்தப் பக்கத்தில் வேரூன்றியது. பின்னர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனைகளை இயற்றினார்கள். எங்கள் குழு இரண்டையும் பாடும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு குரல்களாகப் பிரிந்து ஒரு ஞானப்பாட்டு வரும். அடுத்ததாகப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒரு கீர்த்தனை வரும். ஞானப்பாட்டுக்கு, ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா முறையில் அச்சிட்ட புத்தகம் எங்களிடம் இருக்கிறது. கீர்த்தனைக்கு அச்சில் இருப்பவை சொற்கள் மட்டுமே. மெட்டு வாய்வழியாக வருவது. எங்கள் ஊரில் அந்த மெட்டு டீச்சரிடம் இருந்தது.

அவருடைய தந்தை எழுதி வைத்திருந்த நோட்டுகள் கடற்கரையோர வீட்டின் மரப்பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெட்டியோடு போயின. அதற்குப் பிறகு டீச்சர் நினைவிலிருந்து மூன்று நீளமான நோட்டுகளை எழுதினார். அவற்றுள் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. பாடல் வரி நீல மையில். தலைக்கு மேல் ஸ்வரம் பென்சிலில். மூச்சு எடுக்கும் இடத்தில் சிவப்பில் ஒரு சிறு வளைவு. ஓரத்தில் பிள்ளைகளுக்கான குறிப்புகள்: ‘இங்கே சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள், பிடித்து நிறுத்து’, ‘இந்தக் காந்தாரம் ஏறக்கூடாது’. மூன்று நோட்டுகளிலும் சேர்த்து 96 பாடல்கள். குழு ஓர் ஆண்டில் சுற்றிச் சுற்றிப் பாடுவது சுமார் 140. மீதி 44 எங்கும் எழுதப்படவில்லை.

குழுவில் அப்போது 32 பேர். 21 பேர் பள்ளிப் பிள்ளைகள். 11 பேர் பெரியவர்கள். அவர்களில் நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் ஐவர். அதனால் புதன், சனிக்கிழமைப் பயிற்சி மாலை ஆறரைக்கு மேல்தான் தொடங்கும். கற்பிக்கும் முறை ஒன்றே ஒன்று: டீச்சர் பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். சரியாக வரும்வரை அவரும் கூடவே பாடுவார். நிகழ்ச்சி நாளன்றும் முதல் வரிசை ஓரத்தில் நின்று கூடவே பாடுவார்.

முதல் அறிகுறிகள்: 2022 ஜூலை, ஆகஸ்ட்

பெருந்தொற்றுக் காலத்தில் ஏறக்குறைய இருபது மாதங்கள் அவர் உரக்கப் பாடவே இல்லை. 2021 நவம்பர் 1 அன்று கீழ்வகுப்புகளும் திறந்தன. முகக்கவசத்தோடு, முன்பிருந்த அதே பாடவேளைகள். அவர் அதற்கெல்லாம் சேர்த்து உழைத்தார். இடைவெளியில் பிள்ளைகள் முதல் பாடமான சரளி வரிசையையே மறந்துவிட்டிருந்தார்கள்.

2022 ஜூலையில் வெள்ளிக்கிழமை தோறும் தொண்டை கம்மும், திங்கட்கிழமை தெளிந்துவிடும். ஆகஸ்டில் திங்களன்றும் தெளியவில்லை. சுதந்திர தின விழாவில் கொடியேற்றத்துக்குப் பின் நாட்டுப்பண்ணை அவர்தான் எடுத்துக்கொடுப்பார். அன்று மேல் ஸ்தாயி வந்த இடத்தில் காற்று மட்டும் வந்தது, நாதம் வரவில்லை. பிள்ளைகள் பாடி முடித்தார்கள். அவர் இருமிச் சமாளித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது.

அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாகவே, மே 24-இல் திறக்கப்பட்டிருந்தது. குறுவையும் முந்தியது. பள்ளியின் மேற்குச் சுவரை ஒட்டிய வயல்களில் ஆகஸ்ட் இறுதியிலேயே அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. வைக்கோல் தூசி ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்தது. தொண்டைக் கம்மலுக்கு அந்தத் தூசிதான் காரணம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம். அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டுப் பால் என்று வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினார்கள். அவை இதமாக இருந்தன என்று அவரே சொல்வார். அந்த இதத்தில்தான் ஐந்து வாரங்கள் கழிந்தன.

கவனித்தவை

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமைப் பயிற்சியில் ஒரு கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் டீச்சர் பாட முடியாமல் நிறுத்திவிட்டார். குழு தொடர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் நான் பார்த்ததும் கேட்டதும்தான் இந்தப் பதிவின் மையம் என்று நினைக்கிறேன்.

ஐந்தரைக் கட்டையில் தொடங்கிய பாடல் முடியும்போது ஐந்தில் நின்றது. (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்.) சுருதிப் பெட்டி கூடவே ஒலித்துக்கொண்டிருந்தும் ஒருவர்கூட அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரியின் எடுப்பும் அரை அட்சரம் பிந்தியது. வரி தொடங்கும் இடத்தில் பிள்ளைகளின் கண்கள் எல்லாம் டீச்சரின் வாயைத் தேடின. அதன் பின் ஒரு ஞானப்பாட்டை எடுத்தோம். இரண்டாம் குரலில் இருந்த ஒன்பது பேரில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் தன் குரலைப் பிடித்தாள். மற்ற எட்டுப் பேரும் இரண்டே வரிகளில் முதல் குரலோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

குழு பல ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்ததாக நாங்கள் நம்பியிருந்தோம். உண்மையில் அது ஒருவரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. சுருதி, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்), எடுப்பு மூன்றையும் ஒரே தொண்டை தாங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு வீட்டுக்கு வந்து அவருடைய வாரத்தைக் கணக்குப் போட்டேன். பள்ளியில் 40 நிமிடப் பாடவேளைகள் 24, அதாவது 16 மணி நேரம். குழுப் பயிற்சி 4 மணி. ஞாயிறு ஆராதனைகளும் அதற்கு முந்தைய ஒத்திகையும் 3 மணி. காலையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு, நாளுக்கு ஒரு மணி வீதம், 5 மணி. மொத்தம் 28 மணி நேரம். அந்த நேரத்தில் பெரும்பகுதி, இருபத்தைந்து வயதில் அவருக்கு இயல்பாக இருந்த ஐந்தரைக் கட்டையிலேயே உரக்கப் பாடுவது.

குழுப் பணிக்கு அவர் ஒரு ரூபாயும் வாங்கியதில்லை. உப்புக் காற்றில் ஆர்மோனியத்தின் ரீடுகள் சிக்கிக்கொள்ளும்போது கும்பகோணத்துக்கு எடுத்துப்போய்ப் பழுது பார்த்த செலவும் அவருடையதே. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விழா மேடையிலும் அவருடைய அர்ப்பணிப்பைப் பாராட்டிச் சால்வை போர்த்துவோம். அந்தச் சொல்லை நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டதால் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு எங்களைவிட்டு நீங்கியிருந்தது என்பது எனக்கு அந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மருத்துவம்: செப்டம்பர்

செப்டம்பர் இரண்டாம் வாரம் தஞ்சாவூரில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனோம். சிறு கேமராவை உள்ளே செலுத்திக் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். இரு நாண்களின் ஓரத்திலும், நேருக்கு நேராக, சிறிய வெண்மையான மேடுகள். “கருக்கரிவாள் பிடித்த கையில் காய்ப்புக் காய்க்கிறதல்லவா, அதைப் போன்றதுதான்” என்று மருத்துவர் சொன்னார். ஐந்தரைக் கட்டையில் ஆதார ஷட்ஜத்தை, அதாவது அடிப்படையான ‘ஸ’வை, பாடும்போதே நாண்கள் நொடிக்கு 200 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஷட்ஜத்தில் அதன் இருமடங்கு. ஓய்வில்லாமல் மோதிய இடத்தில் காய்ப்பு விழுந்திருக்கிறது.

புற்றுநோயோ என்று டீச்சர் உள்ளூரப் பயந்திருந்தார் என்பது, “அது இல்லை” என்று மருத்துவர் சொன்னதும் அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டபோதுதான் தெரிந்தது. இவ்வகைக் காய்ப்புக்கு முதல் வழி அறுவை அல்ல, குரல் பயிற்சியும் சுமைக் குறைப்பும்தான் என்று விளக்கினார். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தபோதே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செப்டம்பர் இறுதியில் ஆயர், பள்ளித் தலைமையாசிரியர், சபைக் குழுவைச் சேர்ந்த இருவர், டீச்சர், நான் ஆகியோர் கூடிப் பேசினோம். கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம்கூட இல்லை. வழக்கமாகப் பதினொரு பாடல்கள். வெளியூரிலிருந்து கீபோர்டு வாசிப்பவரை வரவழைத்து, பதிவு செய்த இசைக்குப் பிள்ளைகளைப் பாடவைக்கலாம் என்று சபைக் குழுவினர் கூறினார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். டீச்சருக்குச் சுமை குறையும். ஆனால் டீச்சர் ஒரு தாளை இழுத்து எழுதிக் காட்டினார்: “இதுவரை என்னைப் பார்த்துப் பாடினார்கள். இனிப் பெட்டியைப் பார்த்துப் பாடுவார்கள். எப்போதுதான் பாடுவார்கள்?” நான் சனிக்கிழமை கவனித்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவரே அறிந்திருந்தார்.

பதிவு இசை வேண்டாம் என்று முடிவாயிற்று. பாடல்களை ஐந்தாகக் குறைத்தோம். ஆதார சுருதியை நாலரைக் கட்டைக்கு இறக்கினோம். டீச்சர் ஆறு வாரம் பாடுவதில்லை. பள்ளியில் இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கியோடு தேவையானதை மட்டும் பேசுவது. வீட்டு வகுப்புகளை நிறுத்துவது. தலைமையாசிரியர் பாடவேளைகளை 24-லிருந்து 18 ஆகக் குறைத்து, மிச்சத்தை எங்களுக்குப் பிரித்துக்கொடுத்தார்.

பயிற்சி முறையை மாற்றியதுதான் பெரிய முடிவு. குழுவை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். முதலில் ஸ்வரம், அது நின்ற பிறகே சொல். இதற்கு டீச்சர் எழுதிக் காட்டிய காரணம் திருவையாறு. தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்தின கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். சரணங்களில் ஸ்வரத்தைப் பாடி, அதே மெட்டில் சாகித்தியத்தை, அதாவது பாடலின் சொற்களை, பாடுகிறார்கள். ஸ்வரம் ஒவ்வொருவருக்கும் சொந்தமாகத் தெரிந்திருப்பதால் யாரும் யாருடைய வாயையும் பார்க்க வேண்டியதில்லை. ஞானப்பாட்டுகளுக்கு, தேவாலய அலமாரியில் சுருண்டு கிடந்த பழைய சோல்ஃபா படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினோம். டீச்சர் ஒரு குச்சியால் தொட்டுக் காட்டுவார், பிள்ளைகள் பாடுவார்கள். அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

நான்கு தலைவர்களில் மூவரை நாங்கள் எளிதாக ஒப்புக்கொண்டோம்: இரண்டாம் குரலைப் பிடித்த அந்த மாணவி, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நான். கீர்த்தனைகளுக்கு டீச்சர் தேர்ந்தெடுத்தவர் நடவு வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சோல்ஃபா தெரியாதே என்று சபைக் குழுவில் ஒருவர் தயங்கினார். டீச்சர் அந்த அக்காவை அழைத்து, சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, பிறகு அணைத்துவிட்டுப் பாடச் சொன்னார். இரண்டு சரணம் பாடி முடித்ததும் பெட்டியை மறுபடி போட்டார். சுருதி இம்மியும் நகரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக மூன்றாம் வரிசையில் நின்று பாடியவர் அவர்.

தவறிய தொடக்கமும் மழையும்: அக்டோபர், நவம்பர்

எங்கள் முடிவுகளில் ஒன்று கெடுதலாக அமைந்தது. பாடாவிட்டாலும் பயிற்சிக்கு டீச்சர் வந்து உட்காரட்டும், பிள்ளைகளுக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தோம். வந்தார். முதல் நாள் சைகை மட்டும். மூன்றாம் நாள் பக்கத்துப் பிள்ளையின் காதில் ரகசியக் குரலில் திருத்தம் சொன்னார். இரண்டாம் வாரம் மாலை முழுவதும் ரகசியக் குரலிலேயே பேசினார். உரக்கப் பேசவில்லையே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். வாரந்தோறும் தஞ்சாவூரில் குரல் பயிற்சி அளித்தவர் அதைக் கேட்டுத் திகைத்துப்போனார். ரகசியக் குரலும் தொண்டையை இறுக்கும். பலருக்கு மெல்லிய இயல்பான பேச்சைவிட அதிகச் சிரமம் தரும். அடிக்கடி கனைத்துக்கொள்வதும் அப்படியே. மூன்று வார முயற்சி வீணாயிற்று. டீச்சர் பயிற்சிக்கு வராமல் வீட்டில் இருப்பதே நல்லது என்று நான் போய்ச் சொன்னேன். அவர் பதில் எதுவும் எழுதவில்லை. பலகையைத் துடைத்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். என் வாழ்நாளில் அவரிடம் நான் சொன்ன சொற்களிலேயே கடினமானது அதுதான்.

தஞ்சாவூருக்கு வியாழக்கிழமைகளில் ரயிலில் போவோம். அவருக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்குள் உறிஞ்சு குழலை விட்டு, குமிழி எழும்படி ஊதிக்கொண்டே ‘ஊ’ என்று மெதுவாக ஒலிப்பது. நாண்கள் அழுத்தமாக மோதாமல் அதிரப் பழகுவதற்காக. ஒரு நாள் பாபநாசம் தாண்டியபோது எதிர் இருக்கையில் இருந்த சிறுமி தன் பாட்டிலில் அதேபோல் ஊத ஆரம்பித்தாள். டீச்சர் ஊதுவதை நிறுத்தினார். அந்தப் பிள்ளையின் ஒலி எந்த ஸ்வரம் என்று விரலால் என் உள்ளங்கையில் எழுதினார்: ‘ப’.

நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கத்திலும் சம்பா நாற்று நட்ட வயல்கள் மூழ்கின. பள்ளிக்கு விடுமுறை, பயிற்சி இரண்டு வாரம் நின்றது. குழுவில் நான்கு குடும்பங்கள் வேறு இடத்தில் தங்க நேர்ந்தது. டீச்சரை அவருடைய மகள் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அந்தப் பதினைந்து நாட்கள்தான் அவர் குரலுக்கு உண்மையான ஓய்வு. குணமானதற்கு எங்கள் திட்டத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் அது நேர்மையாகாது. பாதி மழை கொடுத்த ஓய்வு. அதே மழை மற்றவர்களுடைய வயல்களை அழித்ததையும் நான் மறக்கவில்லை.

மூன்று வார ஒத்திகையும் கிறிஸ்துமஸும்

நவம்பர் கடைசியில் குழு கூடியபோது பாட்டு முன்பைவிட மோசமாகக் கேட்டது. இதைப் பதிவு செய்வது முக்கியம். ஸ்வரத்தைத் தனியாகப் பாடச் சொன்னால் பிள்ளைகள் வெட்கத்தால் குரலை விழுங்கினார்கள். முன்பு டீச்சரின் குரல் மூடி வைத்திருந்த பிழைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. பெற்றோர் இருவர், பாட்டு கெட்டுவிட்டது என்று ஆயரிடம் சொன்னார்கள். அவர் எங்களை அவசரப்படுத்தவில்லை. இரண்டாம் வாரம், சனிக்கிழமை இரவு, மின்சாரம் நின்றது. சுருதிப் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் யாரையும் பார்க்க முடியாமல் ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாடினார்கள். சுருதி கால் கட்டைகூட இறங்கவில்லை. விளக்கு வந்த பிறகும் அக்கா பிள்ளைகளைக் கண்களை மூடச் சொல்லிப் பாடவைத்தார். அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாயிற்று.

டிசம்பரில் வீடு வீடாகப் போகும் கேரல் பவனிக்கு டீச்சர் வரவில்லை. மார்கழிப் பனியும் இரவு விழிப்பும் கூடாது என்பது மருத்துவர் சொல். 33 ஆண்டுகளில் முதல் முறை. குழு அவர் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாடியது. அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று தாளம் மட்டும் போட்டார்.

டிசம்பர் 25 அதிகாலை ஆராதனை. ஐந்து பாடல்கள். முதல் பாடல் நன்றாக வந்தது. இரண்டாவதில் பத்தாம் வகுப்புப் பையன் பதற்றத்தில் ஒரு ஸ்வரம் மேலே எடுத்துவிட்டான். மூன்றாம் வரியில் மேல் ஸ்தாயிக்குப் போக முடியாமல் குழு உடைந்தது. ஒரு நொடி ஆலயம் முழுவதும் அமைதி. பக்கத் தூணருகே நின்ற டீச்சர் அசையவில்லை. அக்கா சுருதியைக் காட்டி ஆதார ஷட்ஜத்தை நிதானமாகப் பிடித்தார். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டை முதலிலிருந்து எடுத்து முடித்தார்கள். நான்காவதாகப் பாடிய ஞானப்பாட்டில் இரண்டாம் குரல் கடைசி வரிவரை தனியாக நின்றது. ஒன்பது பேரும் பிடித்தார்கள்.

அதற்குப் பின்

2023 ஜனவரியில் தலைவர்கள் நால்வரும் டீச்சரும் திருவையாறு போய் ஆராதனைப் பந்தலில் உட்கார்ந்தோம். பந்தலில் பின்வரிசையில் இருந்தவர்களும் தொடையில் தாளம் போட்டு ஸ்வரத்தை முணுமுணுத்ததைப் பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு தலை நிமிராமல் இருந்தவன், திரும்பும் வழியில்தான் பேச ஆரம்பித்தான்.

அதே மாத இறுதியில் மறு பரிசோதனை. ஒரு பக்கத்து மேடு மறைந்திருந்தது, மற்றது சிறுத்திருந்தது. பேச்சுக்குரல் தெளிந்தது. பாட்டில் நாலு கட்டைக்கு மேல் அவருக்குப் பழைய நாதம் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 9 ஈஸ்டர் ஆராதனையில் தந்தை கற்பித்த ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியை மட்டும், தாழ்ந்த சுருதியில், தனியாகப் பாடினார். அவருடைய வாரச் சுமை இப்போது 14 மணி நேரம்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்ததால் முந்தைய ஆண்டே விலகியிருந்த மூன்று பையன்களைத் திரும்ப அழைத்தோம். கீழ் ஸ்தாயியும் தாளமும் கொடுத்தோம். ஒருவன் வந்தான். இருவர் வரவில்லை.

மீண்டும் செய்வதானால்

குரல் கம்மிய மூன்றாவது வாரமே பரிசோதனைக்குப் போவோம். தூசி, பனி, வெயில் என்று காரணம் தேடும் நாட்களில் காய்ப்பு இறுகுகிறது. ரகசியக் குரலின் தீங்கை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஆசிரியரைப் பயிற்சிக் கூடத்தில் மௌனமாக உட்காரவைக்க மாட்டோம். அவருக்குப் பழகிய அந்த அறையில் மௌனம் நிற்காது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையிடம் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தது பிழை. அந்தப் பையன் சுமந்தது பாட்டை மட்டுமன்று. அவன் அப்பாவிடம் இதற்காக நான் வருத்தம் தெரிவித்தேன்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. டீச்சருடைய குரல் முழுமையாக இருந்த முப்பது ஆண்டுகளில் ஒரு கீர்த்தனையையும் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பதிவு செய்யும் கருவி வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் படம் பிடித்தோம்; இதைப் பிடிக்கவில்லை. இப்போது யாராவது ஒரு பாடகர் குழுவில் இதைப் படித்தால், அடுத்த பயிற்சி நாளிலேயே உங்கள் ஆசிரியரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதப்படாத 44 பாடல்கள்

ஈஸ்டருக்குப் பின் ஞாயிறு பிற்பகல்களில் டீச்சர் வீட்டுத் திண்ணையில் கூடி நான்காவது நோட்டை எழுதத் தொடங்கினோம். அவர் மெல்லிய குரலில் ஒரு வரி பாடுவார். அக்கா அதைத் திறந்த குரலில் பாடுவார். மாணவி ஸ்வரம் எழுதுவாள். நான் சொல்லைச் சரிபார்ப்பேன். இதுவரை 33 முடிந்திருக்கின்றன. ஒரு கீர்த்தனையில் மட்டும் தடைப்பட்டு நிற்கிறோம். பல்லவியின் இரண்டாம் சங்கதியை, அதாவது அதே வரியை மெட்டில் சிறிது மாற்றிப் பாடும் இடத்தை, அக்கா ஒரு விதமாகவும் மாணவி ஒரு விதமாகவும் பாடுகிறார்கள். இருவரும் டீச்சரிடம் கற்றதாகவே சொல்கிறார்கள். அவரைக் கேட்டால், அப்பா இரண்டு விதமாகவும் பாடுவார், நாளைப் பொறுத்தது என்கிறார். நோட்டில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறோம். சிவப்புப் பென்சிலால் மூச்சுக்குறி போடும் இடத்தை டீச்சர் இன்னும் காட்டவில்லை.